எண்ணூறு பாட்டு கடந்த பாலம்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் மதலைமேரி அக்கா. பன்னிரண்டு வருஷத்துக்கு முன், என் இரண்டாவது மகன் பட்டாளத்தில் பயிற்சி முடித்த அன்று, அணிவகுப்பு மைதானத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்காரர் சுபேதாராக இருந்தவர். அத்தனை பிள்ளைகளும் சேர்ந்து நடந்து வந்தபோது, "பார்த்தீங்களா அக்கா, ஒத்தக் கால் மாதிரி இருக்கு!" என்றேன்.

"ஆமாம்மா. ஆனா ஒரு பாலம் வந்துட்டா இவங்களே அந்த நடையைக் கலைச்சுடுவாங்க, தெரியுமா?" என்றார்.

ஏன் என்று கேட்டேன். வெயில் ஏறும் வரை இதைச் சொன்னார். எனக்கு நினைவிருக்கிறபடி சொல்கிறேன். எங்காவது தவறினால் பிழை என்னுடையது, அவருடையது அல்ல.

செங்காலாறு என்ற காட்டாற்றின் மேல் ஒரு தொங்கு பாலம் இருந்தது. பிரம்பையும் கயிற்றையும் முறுக்கி, பலகை போட்டுக் கட்டியது. அதன் இக்கரை முனையில் உமையாளம்மை என்ற துறவி குடியிருந்தார். நாற்பது வயதுதான். கயிறு திரிக்கிற குடும்பத்தில் பிறந்தவர். வருஷா வருஷம் மழை முடிந்ததும் பாலத்தின் கயிறுகளை மாற்றிக் கட்டுவார். அதுதான் அவருடைய தவம்.

அவருக்கு ஒரு சீடர். அந்த நாட்டின் படைத்தலைவர் சேந்தனார். வயது ஐம்பத்தெட்டு. குருவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். அமாவாசைதோறும் வருவார். வாளைக் கழற்றி வேப்பங்கிளையில் மாட்டிவிட்டு அம்மையின் எதிரே தரையில் உட்காருவார்.

"எங்க ஐயா குரல் கொடுத்தா மலையே நடுங்கும். இங்க வந்தா மட்டும் பூனைக்குட்டி" என்று வீரர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள்.

சேந்தனாரின் படையில் எண்ணூறு பேர். எட்டுத் திசையிலிருந்தும் வந்தவர்கள். ஆனால் நடந்தால் ஒரே ஓசைதான். தொம்... தொம்... தொம். அந்தச் சத்தம் காதில் விழுந்தாலே பகைவர்கள், "சேந்தன் வருகிறான்" என்று தெரிந்துகொள்வார்கள்.

அப்படி நடக்க வைப்பதற்கு அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். படையில் சேருகிறவன் தன் ஊர்ப்பாட்டை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். ஏற்றப்பாட்டு, நடவுப்பாட்டு, தாலாட்டு, சாமி பாட்டு எதுவும் கூடாது.

"ஒவ்வொரு பாட்டும் காலை ஒவ்வொரு பக்கம் இழுக்கும்" என்பார். வாய்க்குள் முணுமுணுத்தால்கூட மூன்று நாள் மோர் கிடையாது. பதினோரு வருஷமாக இதுதான் நடைமுறை.

ஒரு மழைக்காலத்தில், ஆற்றுக்கு அக்கரையில் மலைமேல் இருக்கும் பாறைக்குடியைக் கோளரி என்பவன் தன் கொள்ளைப் படையோடு வளைத்துக்கொண்டான். ஊருக்குள் அறுநூறு பேர். கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். இன்னும் எத்தனை நாளுக்குத் தானியம் இருக்கிறதோ அத்தனை புகை போடுவது அவர்கள் வழக்கம். முந்திய நாள் இரண்டு புகை. அன்று காலை ஒன்று.

அந்த ஊரில்தான் சேந்தனாரின் மகள் பொற்கொடி வாழ்க்கைப்பட்டிருந்தாள். பிள்ளை பெற்று இருபது நாள். சேந்தனார் இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எண்ணூறு பேருக்கும் தெரியும்.

அன்று காலையிலேயே படை பாலத்தடிக்கு வந்து சேர்ந்தது. ஆறு சிவந்து பெருகிக்கொண்டிருந்தது. வேறு வழி கிடையாது. அந்தப் பாலம் ஒன்றுதான்.

உமையாளம்மை எதிரே வந்து நின்றார். யார் பாலம் கடக்க வந்தாலும் சொல்வதைத்தான் அன்றும் சொன்னார்.

"கலைந்து போங்கள், தளபதியாரே."

"என் படை கலையாது, தாயே" என்றார் சேந்தனார். "கலைவது தோற்றவன் வேலை."

அம்மை மறுபடி வாயைத் திறப்பதற்குள் முரசு முழங்கிவிட்டது. முதல் அணியில் நாற்பது பேர். தொம்... தொம்... தொம். பத்தடி போனார்கள். பாலம் லேசாக அசைந்தது. இருபதடி போனார்கள். பாலம் தொட்டில் போல ஆடியது. ஆட ஆட, அவர்கள் இன்னும் பலமாக மிதித்தார்கள். நடை பிசகாமல் இருக்கத்தானே அவர்களுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது! முப்பதாவது அடியில் பாலம் அவர்களை ஒரு பக்கமாகத் தூக்கி எறிந்தது. பக்கக் கயிறு ஒன்று அறுந்து வீசியது.

மூன்று பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆற்றின் மேல் தொங்கினார்கள். கடவுள் புண்ணியத்தில் மூவரையும் இழுத்துப் போட்டுவிட்டார்கள். ஒருவனுக்குக் கை முறிந்தது.

உமையாளம்மை இடுப்பில் புதுக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு பாலத்தில் இறங்கி, அறுந்த இடத்தை முடிந்துவிட்டுத் திரும்பினார்.

சேந்தனாரின் முகம் வெளுத்திருந்தது.

"இந்த முடிச்சு தாங்குமா, தாயே?"

"தாங்கும். இன்னொரு முறை இப்படி ஆடினால் தாங்காது."

"ஐம்பது எருமையை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். அதைத் தாங்குகிற பாலம் என் நாற்பது பேரைத் தாங்காதா? இதென்ன நியாயம்?"

அம்மை தன் குடிலுக்குள் போய், வாய் அகன்ற ஒரு செம்பு அண்டாவை எடுத்து வந்து தண்ணீர் நிரப்பினார். விளிம்புக்கு நான்கு விரல் கீழே வரை.

"இதைத் தூக்கிக்கொண்டு அந்த வேப்பமரம் வரை போய் வாருங்கள். உங்கள் நடையிலேயே."

"இப்போதா? அங்கே என்..." என்றவர், 'என் மகள்' என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"இப்போதுதான்."

சேந்தனார் அண்டாவை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். இடது, வலது, இடது, வலது. ஐந்தடி வரை ஒன்றுமில்லை. ஆறாவது அடியில் தண்ணீர் இந்தப் பக்கம் ஏறியது. ஏழாவதில் அந்தப் பக்கம். பத்தாவது அடியில் எழும்பி, தளும்பி, படைத்தலைவரின் மீசையிலிருந்து முழங்கால் வரை நனைத்துவிட்டது.

எண்ணூறு பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். பின்வரிசையில் ஒருவனுக்கு மட்டும் சிரிப்பு தும்மல் மாதிரி வெடித்துவிட்டது.

அம்மை அண்டாவை வாங்கினார். மறுபடி அதே அளவு நிரப்பினார். இடுப்பில் வைத்துக்கொண்டு, பெண்கள் தண்ணீர்த்துறையிலிருந்து வருகிற மாதிரி வந்தார். ஒரு எட்டு நீளம், ஒரு எட்டுக் குட்டை. தண்ணீர் ஏறப் பார்க்கிற நேரம் கொஞ்சம் தயங்கி, பிறகு இரண்டு எட்டு வேகமாக. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"தண்ணீரின் கனம் கூடியதா?"

"இல்லை."

"பின்னே?"

சேந்தனார் தன் ஈரச் சட்டையைப் பார்த்தார். பாலத்தைப் பார்த்தார்.

"அது ஆடுகிற நேரம் பார்த்து நான் தள்ளினேன்" என்றார் மெதுவாக. "ஒவ்வொரு அடிக்கும் தள்ளினேன். எருமை தன் பாட்டுக்குப் போகும். அதற்கு முரசு கிடையாது."

அம்மை அண்டாவைக் கீழே வைத்தார்.

சேந்தனார் திரும்பிப் படையைப் பார்த்துக் கத்தினார். "எல்லோரும் கேளுங்கள்! பாலத்தில் நடையைக் கலைக்க வேண்டும். முதலில் கரையில் பழகுவோம். கலைந்து... நட!"

எண்ணூறு பேரும் ஒரு கணம் நின்றார்கள். பிறகு எண்ணூறு பேரும் ஒரே நேரத்தில் வலது காலை எடுத்து வைத்தார்கள். தொம்.

"கலையுங்கள் என்றேன்!"

எல்லோரும் சேர்ந்தே தயங்கினார்கள். சேர்ந்தே அவசரப்பட்டார்கள். தொம்... தொதொம்... தொம்... தொதொம்.

"அட மடையர்களா! இது கலைப்பா? இது புது நடை!"

முன்வரிசையில் இருந்த குப்பாண்டி வாய்த்துடுக்கு உள்ளவன். "ஐயா, கலையறதையும் நீங்கதானே சொல்லிக் கொடுக்கறீங்க. உங்க சொல்லு வந்தா எங்க காலு தானா ஒண்ணு சேர்ந்துக்குது. நாங்க என்ன செய்யறது?"

ஒற்றைப்படை வரிசை முதலில், இரட்டைப்படை பின்னால் என்று பிரித்துப் பார்த்தார். பத்தடிக்குள் இரண்டும் ஒன்றாகிவிட்டது. காதைப் பொத்திக்கொள்ளச் சொன்னார். நெஞ்சுக்குள்ளேயே முரசு அடித்தது போலும், அப்போதும் தொம்.

ஆறு இன்னும் ஒரு முழம் ஏறியிருந்தது. மலைமேல் அந்த ஒற்றைப் புகை மெலிந்துகொண்டு வந்தது.

சேந்தனார் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பதினோரு வருஷம் பிரம்பால் அடித்துச் சேர்த்தேன், தாயே. ஒரு காலைப் பொழுதில் எப்படிப் பிரிப்பேன்? அங்கே என் பேரப்பிள்ளை இருக்கிறான். இன்னும் முகம்கூடப் பார்க்கவில்லை."

அம்மை திரும்பினார். பக்கத்தில் நின்ற ஒரு வீரனைப் பார்த்து, "உன் பெயர் என்னப்பா? எந்த ஊர்?" என்று கேட்டார்.

"அலைவாயன், தாயே. உப்பளத்துறை."

"உப்பு வாரும்போது அங்கே என்ன பாடுவீர்கள்?"

அலைவாயன் தலைவரைத் திரும்பிப் பார்த்தான். வாயே திறக்கவில்லை.

"மோர் போய்விடும் என்று பயப்படுகிறான்" என்றார் அம்மை. "தளபதியாரே, இவன் வாய்க்குப் பூட்டு மாட்டியது யார்?"

"நான்தான்."

"சாவி யாரிடம் இருக்கிறது?"

சேந்தனார் எழுந்தார். முரசுக்காரனிடம் போய், முரசடிக்கும் கோல் இரண்டையும் வாங்கி ஆற்றில் வீசினார்.

"யார் யாருக்கு என்ன பாட்டு உண்டோ அதைப் பாடலாம்" என்றார்.

ஒருவரும் பாடவில்லை. பதினோரு வருஷத்துப் பயம் அல்லவா!

அப்போது சேந்தனார் யாரும் எதிர்பார்க்காத காரியத்தைச் செய்தார். பாலத்தின் முதல் பலகையில் காலை வைத்தார். தொண்டையைச் செருமினார். உடைந்த குரலில் பாட ஆரம்பித்தார்.

"கறுப்பாடே வா வா, கம்பங்கொல்லை விட்டு வா,
பொழுது சாயப் போகுது, பொறத்தாலே ஒட்டி வா... புர்ர்ர்... ஹோய்!"

எண்ணூறு பேரும் வாயைப் பிளந்தார்கள்.

"அடடே!" என்றான் குப்பாண்டி. "எங்க ஐயா ஆடு மேய்ச்சவரா? இத்தனை நாள் யானை மேலேயே பொறந்தவர்னு நெனச்சோமே!"

"ஆடுதான்டா மேய்த்தேன்!" என்று பாலத்தின் மேலிருந்தே கத்தினார் சேந்தனார். "இப்போதும் அதைத்தான் மேய்க்கிறேன்! வாங்கடா!"

அப்படி ஒரு சிரிப்பு எழும்பியது பாருங்கள், கரையில் இருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டன. அந்தச் சிரிப்பிலேயே அலைவாயனுக்கு வாய் திறந்துகொண்டது.

"வெயிலே நீ இன்னும் காய், வெள்ளை மலை பூக்கட்டும்..."

அவன் உப்பு வாருகிற மாதிரி காலை இழுத்து இழுத்து வைத்துப் பாலத்தில் ஏறினான். அவன் பின்னால் ஒரு நெசவுக்காரன், தறியில் கால் மாற்றுகிற மாதிரி. அடுத்தவன் ஏற்றம் இறைக்கிறவன். அவனுக்குப் பின்னால் ஒருவன், இறந்துபோன தன் தாய் பாடிய தாலாட்டைக் கண்ணீரோடு பாடிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டு நடப்பவன் போலப் போனான். ஒருவன் "முருகா முருகா" என்று மட்டும் சொன்னான். ஒருவன் தன் ஊர் மாதாவை அழைத்தான். ஒருவன் அல்லாவைத் துதித்தான். குப்பாண்டிக்குப் பாட்டே தெரியாது. தன் வீட்டு எருமைகளின் பெயரை வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு போனான்.

பாலம் ஆடவில்லை. ஈ உட்கார்ந்த குதிரையின் தோல் போலச் சிலிர்த்தது, அவ்வளவுதான். முடிச்சு இறுகி நின்றது. உமையாளம்மை அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, எண்ணூறாவது ஆள் அக்கரையில் கால் வைக்கும் வரை கண்ணை மூடி நின்றார்.

அக்கரை சேர்ந்ததும் சேந்தனாரின் கை பழக்கத்தில் மேலே எழுந்தது. அணி சேருங்கள் என்று சொல்லத்தான். வீரர்களின் முகங்களைப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் அவர் பார்க்காத முகங்கள். கையை இறக்கிவிட்டார். பாட்டோடு பாட்டாக அவர்கள் மலைப்பாதையில் ஏறினார்கள். மூடுபனி இறங்கியிருந்தது. பாதை பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும்.

மேலே கோளரி தயாராக இருந்தான். பாதைக்கு நேரே பெரிய பெரிய பாறைகளைக் குவித்து வைத்திருந்தான். "தொம் தொம் என்று கேட்கும். அந்தச் சத்தம் அடுத்த வளைவுக்கு வந்ததும் உருட்டிவிடுங்கள். ஒரே வரிசையில்தான் வருவான், ஒரே வரிசையில் சாவான்" என்று சொல்லி வைத்திருந்தான்.

தொம் கேட்கவே இல்லை.

"தலைவரே, உப்பளத்துப் பாட்டு கேட்குது" என்றான் ஒரு காவலாளி.

"உப்பளத்துக்காரனுக்கு இங்கே என்ன வேலை?"

"கிழக்கே தறிக்காரங்க பாடறாங்க. அதோ, அந்த வளைவுல ஏத்தப்பாட்டு."

இன்னொருவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "ஆட்டுக்காரங்க வர்றாங்க தலைவரே! மாட்டுக்காரங்களும் வர்றாங்க! ஒருத்தன் எருமைகளையே பேர் சொல்லிக் கூப்பிடறான்! ஊருக்கு ஒரு படையா கெளம்பி வருது!"

"சேந்தன் எங்கே?"

"தெரியலையே! சேந்தனைத் தவிர மத்த எல்லாரும் வர்றாங்க!"

கோளரி காதைத் தீட்டிக் கேட்டான். பனிக்குள்ளிருந்து எல்லாப் பக்கமும் பாட்டு. எதை நோக்கிப் பாறையை உருட்டுவது? ஒரு படையோடு மோதலாம், ஒரு நாட்டோடு எப்படி மோதுவது? அடுப்பில் பாதி வெந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு, அவன் ஆட்கள் பின்மலை வழியாக இறங்கி ஓடினார்கள். ஒரு வாள்கூட உறையை விட்டு வெளியே வரவில்லை.

பாறைக்குடியின் கதவு திறந்தது. ஊர் முழுக்க ஓடி வந்தது. அவரவர் ஊர்ப்பாட்டு கேட்ட இடத்தில் அந்தந்த ஊர்க்காரர்கள் நின்றார்கள். உப்பளத்துறையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு மருமகள் அலைவாயனைக் கட்டிக்கொண்டு, "அண்ணா, எங்க ஊர்ப்பாட்டுண்ணா!" என்று அழுதாள். அவன் யாரென்றே அவளுக்குத் தெரியாது.

பொற்கொடி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா, நீங்க பாடினீங்களா? உங்களுக்குப் பாட வருமா?"

"வராதும்மா" என்று சேந்தனார் பிள்ளையை வாங்கிக்கொண்டார். அது அவர் ஈரச் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, ஊரே கேட்க அழுதது. எல்லோரும் சிரித்தார்கள். கோளரி விட்டுப்போன சோற்றை மீண்டும் அடுப்பேற்றி வேகவைத்து, அறுநூறு பேரும் எண்ணூறு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். கூட எடுத்து வந்திருந்த மோரை எல்லோருக்கும் இரண்டு முறை ஊற்றினார்கள்.

மூன்றாம் நாள் ஆறு வடிந்தது. சேந்தனார் பாலத்தைக் கடந்து தனியாக வந்தார். வாளைக் கழற்றி வேப்பங்கிளையில் மாட்டினார். உமையாளம்மை புதுக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். சேந்தனார் எதிரே உட்கார்ந்து, கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"தாயே, ஒன்று கேட்க வேண்டும்."

"கேளுங்கள்."

"ஊரே கொண்டாடுகிறது. எனக்கு மட்டும் உள்ளே ஒரு முள். பதினோரு வருஷம் ஒரே நடை, ஒரே நடை என்று உயிரை விட்டேன். அந்த நடை கலைந்த அன்றைக்குத்தான் ஜெயித்தேன். அப்படியென்றால் நான் கற்றுக் கொடுத்ததெல்லாம் வீண்தானா?"

அம்மை கயிற்றை முறுக்கிக்கொண்டே கேட்டார். "எத்தனை பேர் பாலத்தில் ஏறினார்கள்?"

"எண்ணூறு பேர்."

"எத்தனை பேர் மேலே போய்ச் சேர்ந்தார்கள்?"

"எண்ணூறு பேரும்."

"வழியில் யாராவது, இது தன் பாட்டு இல்லை என்று இன்னொருவனை விட்டுவிட்டுப் போனார்களா?"

"இல்லை, தாயே. கை முறிந்தவனைக்கூட மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள்."

"எல்லோரும் எந்த வாசலுக்குப் போனார்கள்?"

"ஒரே வாசலுக்கு."

அம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"பிறகு, நடை கலைந்தது என்று உங்களுக்கு யார் சொன்னது?"

  சேந்தனார் கயிற்றின் முனையைப் பிடித்து, அம்மையோடு சேர்ந்து முறுக்க ஆரம்பித்தார்.

இதுவரை பொறுமையாகக் கேட்டீர்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: இன்று எங்கெங்கோ பாலம் கடந்துகொண்டிருக்கிற பிள்ளைகளுக்காக, உங்களுக்குத் தெரிந்த சாமியிடம், உங்களுக்குத் தெரிந்த விதத்தில், ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள்.